கழித்தவர் யார்?

இரத்மலானையில் நாம் கற்பிக்கும் பாடசாலையில் ஆண்டுதோறும் நடைபெறும் கண்காட்சியில் ‘கழிவிலிருந்து கலை’ என்று ஒரு பிரிவு உண்டு. வீட்டில் வீணாகக் கிடக்கும் பொருட்களைக் கொண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஓர் உருவத்தைச் செய்துவர வேண்டும் என்பது அதன் விதி. எட்டாந் தரத்து மாணவரின் ஆக்கங்களுக்குப் புள்ளியிடும் பொறுப்பு ஒருமுறை எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. யோகட் கோப்பைகளாலான மயில், பிளாஸ்டிக் கரண்டிகளாலான தாமரை, குளிர்பானக் குழல்களாலான வீடு என மேசைகள் நிறைந்திருந்தன. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தன. ஆயின் அருகிற் சென்று நோக்கியபோதுதான் ஒன்று புலனாயிற்று. அக்கரண்டிகளில் ஒன்றேனும் சோற்றைத் தொட்டதில்லை. குழல்களில் ஒன்றேனும் உதட்டைத் தொட்டதில்லை. கழிவிலிருந்து கலை செய்வதற்காகக் கடையில் வாங்கிய புதுப்பொருட்கள் அவை. மயிலைச் செய்த மாணவியின் வீட்டார், அதற்கு வேண்டிய கோப்பைகளைச் சேர்ப்பதற்காகவே ஒரு வாரம் முழுவதும் யோகட் உண்டார்களாம்.

ஒரு மாணவன் மட்டும் வெறுங்கையோடு நின்றான். காரணம் வினவினோம். “வீட்டில எறியிறதுக்கு ஒண்டுமில்லை சேர். இருக்கிறதெல்லாம் விக்கிற சாமான்” என்றான். அவனுடைய தந்தையார் வீடு வீடாகச் சென்று பழைய இரும்பும் போத்தலும் பத்திரிகையும் வாங்கி விற்பவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். ஊரார் கழித்த பொருட்களெல்லாம் வந்து குவியும் வீடு அது. எனினும் அவ்வீட்டில் கழிவு என்று ஒன்று இல்லை. நாம் அன்று அவனுக்குப் புள்ளி வழங்கவில்லை. விதி விதியே என்று எண்ணினோம்.

அன்று நாம் இழைத்த தவறு ஒரு மாணவனின் புள்ளியோடு முடிந்துவிடும் தவறன்று என்பதைப் பின்னர் உணர்ந்தோம். கழித்த பொருட்களாலாகும் சிற்பத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்ற பெரிய வினாவை அவனது ஒற்றை வாக்கியம் எம்முன் வைத்துவிட்டது. இன்று உலகின் பெருங்கலைக்கூடங்களிலிருந்து எமது வகுப்பறை வரை இக்கலை பரவியிருக்கின்றது. பரவிய அளவுக்கு அதைப்பற்றிய சிந்தனை வளர்ந்துள்ளதா என்பதை இங்கு நோக்குவோம்.

எந்தப் பொருளும் கழிவாகப் பிறப்பதில்லை. யாரோ ஒருவர் அதனைக் கழிவென்று தீர்மானிக்கும்போதே அது கழிவாகின்றது. எமது தாய்மாரின் பழைய சேலையை எடுத்துக்கொள்வோம். உடுத்து நைந்த சேலை தொட்டிலாயிற்று. தொட்டில் கிழிந்ததும் அடுப்படியிற் கைபிடித் துணியாயிற்று. அதுவும் நைந்தபின் விளக்குத் திரியாய் எரிந்து சாம்பலாயிற்று. இந்த நெடும் பயணத்தில் அச்சேலை எந்த நாளில் கழிவாயிற்று? ஒரு நாளிலுமில்லை. எறிதல் என்பது வசதியுள்ளோரின் வினை. மற்றொன்றை வாங்க வல்லவனே ஒன்றை எறிகின்றான். வாங்க இயலாதவன் திருத்துகின்றான். திருத்த இயலாதபோது பிறிதொன்றாக்குகின்றான்.

எறியப்பட்ட பொருள் காற்றிற் கரைந்துவிடுவதுமில்லை. அது எங்கோ ஓரிடத்தில், யாரோ சிலரின் வாசலில் சென்று குவிகின்றது. கொழும்பு மாநகரம் கழித்தவையெல்லாம் மீதொட்டமுல்லையில் மலையாய்க் குவிந்தன. 2017 ஏப்ரில் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, அம்மலை சரிந்தது. அதனடியில் வாழ்ந்த ஏழை மக்களின் வீடுகள் புதையுண்டு முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்குப்பையை அவர்கள் எறியவில்லை. அது போலவே, பிரித்தானியாவிலிருந்து வந்து கொழும்புத் துறைமுகத்தில் நாறிக்கொண்டிருந்த கழிவுக் கொள்கலன்களைத் திருப்பி அனுப்பி முடிப்பதற்கு 2022ஆம் ஆண்டு ஆயிற்று. வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே உள்ள உறவே நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையேயும் இருக்கின்றது. வல்லோன் கழிக்கின்றான், கழிவு எளியோனைச் சேர்கின்றது.

இந்த உண்மையை மறைத்துக்கொண்டு ‘குப்பையிலும் அழகுண்டு’ என்று மாணவர்க்குப் போதிப்பது கலைக்கல்வி ஆகாது. குப்பையோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்ற உபதேசத்துக்கு வர்ணம் பூசியதே ஆகும். பிளாஸ்டிக்கை மலைபோல் உற்பத்தி செய்வோரே இத்தகைய போட்டிகளுக்குப் பரிசளிக்க முன்வருவதும் உண்டு. தாம் கொட்டியதை எமது பிள்ளைகள் மயிலாக்கிக் காட்டுவதில் அவர்களுக்கு மகிழ்ச்சி இராதா?

அப்படியானால் இக்கலையே பொய்யா என்று கேட்கலாம். அல்ல. அதன் ஆற்றல் எங்கே இருக்கின்றது என்பதை அறிய, முதலில் எமது சிற்ப மரபை நினைவுகூர்வோம். கல்லிற் சிலை வடிப்போர் குற்றமற்ற கல்லைத் தேடினர். தட்டி ஓசை கேட்டுக் கல்லை ஆண், பெண், நபும்சகம் என வகுத்தனர். வடித்த மூர்த்தி பின்னப்பட்டால் அது வழிபாட்டுக்கு ஆகாதென ஒதுக்கினர். முழுமையே அம்மரபின் இலக்கணம். உலோக வார்ப்பிலோ வேறொரு முறை. பழைய செம்பும் பித்தளையும் மூசையில் உருகுகின்றன. எந்த வீட்டுக் குடம், எந்தக் கையின் காப்பு என்ற அடையாளம் யாவும் நெருப்பில் அழிந்து, ஒரே உலோகமாய் அச்சினுள் ஓடித் தெய்வமாகின்றது. அங்கே பொருளின் பழைய வாழ்வு முற்றும் மறைந்தாலன்றிப் புதிய வாழ்வு பிறப்பதில்லை.

கழித்த பொருட்களின் சிற்பம் இவ்விரு வழிகளினின்றும் விலகியது. அது பின்னமான பொருளை ஒதுக்குவதில்லை, உருக்குவதுமில்லை. பொருத்துகின்றது. பொருத்தும்போது பொருளின் பழைய வாழ்வு புதிய உருவத்தினுள்ளும் எஞ்சி நிற்கின்றது. பிக்காசோ 1942இல் ஒரு பழைய துவிச்சக்கர வண்டியின் இருக்கையையும் கைபிடியையும் இணைத்து எருதின் தலையாக்கினார். அதனைக் காண்போர் எருதையும் காண்கின்றனர், வண்டியையும் காண்கின்றனர். இரண்டில் ஒன்று மறைந்திருந்தால் அச்சிற்பம் வெறும் எருதாகவோ வெறும் இரும்பாகவோ நின்றிருக்கும். ஆகவே, இக்கலையை மதிப்பிடுகையில் நாம் கேட்கவேண்டிய முதல் வினா, ‘எவ்வளவு சாமர்த்தியமாக மாற்றியிருக்கின்றான்?’ என்பதன்று. ‘மாற்றிய பின்னும் எதனை மறக்காமல் வைத்திருக்கின்றான்?’ என்பதேயாம்.

இவ்வினாவை மனத்திற்கொண்டு, இக்கலையில் இந்தியத் துணைக்கண்டம் உலகுக்கு அளித்த மிகப்பெரிய ஆக்கத்தை நோக்குவோம். சண்டிகர் நகரின் பாறைத் தோட்டமே அது.

அதனை உருவாக்கிய நேக் சந்த் கலைக்கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். 1924இல் பஞ்சாபின் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது அவருடைய ஊர் பாகிஸ்தானாயிற்று, அவர் அகதியானார். பின்னர் சண்டிகரில் பொதுவேலைப் பகுதியின் வீதிப் பரிசோதகராக வேலை பெற்றார். அந்நாளிற் சண்டிகர் புதிதாய் எழுந்துகொண்டிருந்த நகரம். பிரிவினையில் லாகூரை இழந்த இந்தியப் பஞ்சாபுக்கு ஒரு தலைநகர் வேண்டியிருந்தது. லெ கொர்பூசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அதனைத் திட்டமிட்டார். நேர்கோடுகளும் சதுரங்களும் கொன்கிறீற்றுமாய் நவீனத்தின் மாதிரியாக அது எழுந்தது. அந்நகருக்கு நிலம் வேண்டி இருபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் அகற்றப்பட்டன என்பது பலரும் பேசாத செய்தி.

அகற்றப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளில் உடைந்த மட்பாண்டமும் ஓடும் வளையலும் கிடந்தன. நேக் சந்த் அவற்றைத் தமது துவிச்சக்கர வண்டியில் ஏற்றிச் சென்றார். ஆற்றுப் படுகைகளிலிருந்து விந்தையான வடிவுடைய கற்களையும் திரட்டினார். 1950களின் இறுதியில் தொடங்கிய இவ்வேலையை, நகரின் ஓரத்தில், கட்டடம் எதுவும் எழக்கூடாதென அரசு விலக்கி வைத்திருந்த காட்டுப் பகுதியில், பகலில் உத்தியோகம் பார்த்தபின் மாலையும் இரவும் இரகசியமாகச் செய்தார். பழைய வண்டிச் சட்டங்கள் உட்சட்டமாயின. அவற்றின்மேற் சீமெந்து பூசப்பட்டது. சீமெந்தின்மேல் உடைந்த பீங்கானும் வளையலும் தோலாகவும் ஆடையாகவும் பதிந்தன. மின்சாரப் பீங்கான் துண்டுகள் சுவர்களாயின. ஆடவரும் மகளிரும் குரங்கும் பறவையுமாக நூற்றுக்கணக்கான உருவங்கள் அணியணியாய் எழுந்தன. 1970களின் நடுப்பகுதியில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அவருடைய இராச்சியம் பன்னிரண்டு ஏக்கர் அளவுக்கு விரிந்திருந்தது.

சட்டப்படி அது இடிக்கப்பட வேண்டியதே. பொதுமக்களின் ஆதரவு அதனைக் காத்தது. 1976இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. அவருக்கு அதனைக் கவனிக்கும் உத்தியோகமும் சம்பளமும் ஐம்பது தொழிலாளரும் வழங்கப்பட்டனர். 1984இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. 1990ஆம் ஆண்டளவில் பூங்காவின் ஒரு பகுதியை இடித்து வீதி அமைக்க இயந்திரங்கள் வந்தபோது நகர மக்கள் கைகோத்து வரிசையாய் நின்று தடுத்தனர். அவர் 2015 யூன் 12ஆந் திகதி காலமானார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் அதனை ஒரு தனிமனித அற்புதமாகவே சொல்லி முடிப்பர். படியாதவன் ஒருவன் குப்பையிலிருந்து சொர்க்கம் படைத்தான் என்பர். இது அவரைப் புகழ்வது போலத் தோன்றினும், அவருடைய கலையின் பொருளைக் குறைத்துவிடும் புகழ்ச்சியாகும். நேக் சந்த் குப்பையை எடுக்கவில்லை. ஒரு நகரம் தன்னைக் கட்டிக்கொள்வதற்காக எவற்றை அழித்ததோ அவற்றை எடுத்தார். திட்டத்தில் இடம்பெறாத கிராமங்களை, திட்டத்துக்கு அடங்காத வளைந்த பாதைகளோடும் ஒடுங்கிய வாசல்களோடும், அத்திட்டத்தின் ஓரத்திலேயே மீண்டும் எழுப்பினார். ஊரிழந்த ஓர் அகதி, ஊரிழந்த பிறரின் வளையல்களால் மக்களைச் செய்தார். அம்மக்கள் எதிரே வருவோரை விழித்து நோக்கியவாறு அணிவகுத்து நிற்கின்றனர். அவர்களுடைய ஆடையில் ஒளிரும் ஒவ்வொரு வளையல் துண்டும் ஒரு பெண்ணின் கையில் இருந்தது. அது வளையலாகவே தெரிகின்றது, பூச்சுக்குள் மறையவில்லை. அவ்வுருவங்களில் உடற்கூற்று நுட்பம் இல்லையே, முகங்கள் ஒரே அச்சாயிருக்கின்றனவே என்று குறை காண்போர் உளர். கூட்டமாய் வெளியேற்றப்பட்டோர் கூட்டமாய்த் திரும்பி வந்து நிற்கையில் தனித்தனி முகத்தின் நுட்பத்தைத் தேடுவது பொருந்தாது என்பதே எமது கருத்து. அந்த ஒருமையே அவர்களது வலிமை.

எனினும் விமரிசனம் புகழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. அரசு அளித்த ஐம்பது தொழிலாளரை மேலே குறித்தோம். இன்று சுமார் நாற்பது ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் பூங்காவின் பெரும்பகுதி அவர்களது கைகளின் துணையோடு எழுந்தது. சிற்பியின் பெயர் உலகெங்கும் பரவியிருக்கின்றது. அத்தொழிலாளரின் பெயர்களையோ, அவர்கள் செய்த வேலையின் விவரத்தையோ, நாம் வாசித்த எதிலும் காணவில்லை. கழித்த பொருட்களுக்கு மதிப்பளித்த கலையின் வரலாற்றில், அதனைச் செய்த மனிதர் கழிக்கப்பட்டுவிட்டனர். இது நேக் சந்தின் குற்றமன்று. கலையைத் தனியொருவரின் சொத்தாகவே எண்ணப் பழகிய சமுதாயத்தின் குற்றம். மேலும், முன்னே சட்டவிரோதம் என்றதை அரசு பின்னே உல்லாசப் பயணிகளுக்குக் காட்டி வருவாயும் ஈட்டிற்று. ஆனால் மதிப்பளித்துவிட்டதாலேயே பாதுகாப்பு உறுதியாகிவிடவில்லை. 2025 மார்ச்சு மாதத்தில், உயர் நீதிமன்றத்தை அடுத்த வீதியையும் வாகனத் தரிப்பிடத்தையும் விரிவாக்குவதற்கென்று அப்பூங்காவின் சுவர்ப்பகுதி ஒன்று இடிக்கப்பட்டது. இடிபாட்டிலிருந்து எழுந்தது மீண்டும் இடிபாடாயிற்று. எதனைக் கழிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இன்னும் அதே கைகளில்தான் இருக்கின்றது.

சண்டிகருக்கு அப்பாலும் இவ்வுண்மைக்குச் சான்றுகள் உண்டு. கானாவிற் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த எல் அனாற்சுயி, மதுப்போத்தல்களின் உலோக மூடிகளைத் தட்டித் தகடாக்கிச் செப்புக் கம்பியாற் கோத்துச் சுவரளவு விரிப்புகளாக்குகின்றார். தூரத்தே நின்று காண்போருக்குப் பொன்னாடை. நெருங்கினால் மதுவின் பெயர்கள். ஐரோப்பியர் ஆபிரிக்காவுக்குக் கொண்டுவந்து மனிதரை விலைக்கு வாங்கிய பண்டங்களுள் மதுவும் ஒன்று என்பதை அறிந்தோர்க்கு அப்பொன்னாடை உறுத்தும். மொசாம்பிக்கில் 1992இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் கிறித்தவ சபைகளின் மன்றம் 1995இல் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. துப்பாக்கியைக் கொடுப்போருக்கு மண்வெட்டியும் தையல் இயந்திரமும் துவிச்சக்கர வண்டியும் கொடுக்கப்பட்டன. பெற்ற துப்பாக்கிகளை வெட்டிச் செயலிழக்கச் செய்து கலைஞரிடம் அளித்தனர். கெஸ்ற்றர் என்னும் சிற்பி 2001இல் அவற்றால் ஒரு நாற்காலி செய்தார். அது இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. அத்துப்பாக்கிகளை உருக்கியிருந்தால் நல்ல இரும்பு நாற்காலி ஒன்று கிடைத்திருக்கும். உருக்காமல் பொருத்தியதனாலேயே, அதில் அமர நினைப்பவன் எதன்மீது அமர்கின்றோம் என்று ஒரு கணம் தயங்குகின்றான்.

‘கலைக்கு இவ்வளவு சுமை ஏன்? உருவம் அழகாயிருந்தாற் போதாதா?’ என்று அழகுவாதிகள் கேட்பர். அழகை நாம் வெறுக்கவில்லை. வண்டி இருக்கை எருதின் நெற்றியாகும் கணத்தில் எழும் வியப்பு கலைக்கு உயிர். ஆனால் அவ்வியப்பே முடிவானால் அது செப்பிடு வித்தையோடு ஒத்ததாகிவிடும். இன்னொருபுறம், கருத்துச் சரியாயிருந்தாற் போதும் என்று எண்ணி எதையும் எதனோடும் ஒட்டிவைத்துப் பக்கத்தில் நீண்ட விளக்கம் எழுதிவைப்போரும் உளர். இவர்கள் எமது அணியைச் சேர்ந்தவர்கள் என்பதற்காக நாம் கண்மூடியிருத்தல் தகாது. பொருளே பேச வேண்டும். பொருள் பேசாதபோது தாள் பேசுவது கலையின் தோல்வியே.

இனி எமது நாட்டுக்கு வருவோம். பழைய இரும்பையும் இயந்திர உறுப்புகளையும் பொருத்தி விலங்குருவங்களைச் சமைக்கும் பிரகீத் மனோஹன்ச போன்ற சிற்பிகள் கொழும்பில் அறியப்பட்டவர்கள். அவர்களது கைத்திறன் மெச்சத்தக்கது. ஆயினும் எமது நாட்டின் அண்மைக்கால வரலாற்றைப் பொருட்களின் வாயிலாகவே பேசவைத்தவர்கள் என இருவரைச் சிறப்பாகக் குறிப்பிடலாம்.

ஒருவர் சந்திரகுப்த தேனுவர. போர்க்காலத்தில் காலி வீதியிற் பயணஞ் செய்த எவரும் அந்தப் பீப்பாய்களை மறந்திருக்க மாட்டார். வெறுமையான தார்ப் பீப்பாய்களுக்கு இராணுவப் பச்சையும் கபிலமும் பூசி, வீதிக்குக் குறுக்கே நிறுத்தி வைத்திருந்தனர். எமது பள்ளிப் பருவத்தில், வெள்ளவத்தையிலிருந்து தெகிவளைப் பக்கம் செல்லும்போது, பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையை நீட்டியபடி பெரியோர் வரிசையில் நின்ற காட்சியில் அப்பீப்பாய் எப்போதும் இருந்தது. தேனுவர 1997இல் அதனைக் கலைக்கூடத்தினுள் கொண்டுவந்தார். தமது கலைக்குப் ‘பீப்பாய்வாதம்’ என்றே பெயரிட்டார். வீதி சமைப்பதற்குத் தார் கொண்டுவந்த பீப்பாய், தார் தீர்ந்தபின் வீதியை மறிப்பதற்கு நின்றது. இதைவிடப் பொருத்தமாக எமது தேசத்தின் கதையைச் சொல்லும் பொருள் வேறேது? அவர் அதில் எதையும் ஒளிக்கவில்லை, மிகைப்படுத்தவுமில்லை. நாம் பார்த்துப் பார்த்துப் பாராமற் பழகிவிட்ட ஒன்றைப் பார்க்கும்படி செய்தார். சிங்களக் கலைஞரான அவர், 1983 யூலையில் தமிழ் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் யூலையிற் கண்காட்சி நடத்தி வந்துள்ளார் என்பதை எமது மாணவர் அறிதல் வேண்டும்.

மற்றவர் யாழ்ப்பாணத்தின் தா. சனாதனன். 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீள எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே 2004இல் நடைபெற்ற ‘அகம் புறம்’ கண்காட்சியில், மக்களிடமிருந்து திரட்டிய அன்றாடப் பொருட்களைக் கொண்டு அவர் ஒரு படைப்பை அமைத்தார். பின்னர் கனடாவில், புலம்பெயர்ந்த தமிழர் தம்மோடு காத்து வைத்திருந்த சிறு பொருட்களைக் கண்ணாடிப் புட்டிகளில் வைத்து இன்னொரு படைப்பை அமைத்தார். கடையில் விலை பெறாத பொருட்கள் அவை. எனினும் எவரும் எறியத் துணியாத பொருட்கள்.

இங்குதான் எமது மொழி எமக்குத் துணையாகின்றது. எறிந்தது வேறு, விட்டது வேறு, இழந்தது வேறு. மூன்றையும் ‘கழிவு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குவது அநீதி. இரத்மலானைக்கு இவ்வேறுபாடு புதிதன்று. 1983 யூலையில் கொழும்பில் வீடிழந்த தமிழர் பல்லாயிரவர் அகதி முகாம்களிற் குவிந்தனர். இரத்மலானை விமான நிலையமும் அம்முகாம்களுள் ஒன்றாயிருந்தது. நாம் அன்று பிறந்திருக்கவில்லை. ஆயின் உடுத்த உடையோடு அங்கே இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எமது வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்களது வீடுகளில் எரிந்த கதிரையையும் உடைந்த தையல் இயந்திரத்தையும் அவர்கள் எறியவில்லை. அவை அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டன. அத்தகைய பொருளொன்று ஒரு சிற்பியின் கையில் அகப்பட்டால், அது அழகிய கொக்காக மாறவேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியுமா? அது கதிரையாய் இருந்ததையும் எரிந்ததையும் எமக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

இக்கருத்துகளோடு அம்மாணவனின் சொல்லுக்குத் திரும்புவோம். ‘இருக்கிறதெல்லாம் விக்கிற சாமான்’ என்றான். தகரம் வேறு, பித்தளை வேறு, செம்பு வேறு எனக் கையில் எடுத்த மாத்திரத்தே பிரித்தறியும் குடும்பத்தில் அவன் வளர்கின்றான். எது எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் உழைத்தது, இன்னும் எதற்கு உதவும் என்ற அறிவு அவனுக்கு இருக்கின்றது. எமது பாடசாலைக்கு அண்மையிலேயே இருக்கும் புகையிரத வேலைத்தளத்தில் பழுதுற்ற இயந்திரங்களை மீண்டும் ஓடவைக்கும் தொழிலாளருக்கும் அவ்வறிவு உண்டு. நேக் சந்த் பெற்றிருந்ததும் அதுவே. வீதியமைக்கும் வேலை அவருக்குச் சீமெந்தையும் கல்லையும் கற்பித்தது, கலைக்கல்லூரி கற்பிக்கவில்லை. அப்படியாயின், எமது கண்காட்சியில் இக்கலைக்கு மிகவும் தகுதி பெற்றிருந்த மாணவன் அவனே. அவனை வெறுங்கையன் என்று எழுதி அனுப்பினோம்.

ஆகவே, அடுத்த கண்காட்சிக்கு விதியை மாற்றும்படி சக ஆசிரியர்களிடம் கேட்டிருக்கின்றோம். ‘வீணான பொருள்’ என்ற சொல்லை நீக்கவேண்டும். மாணவர் எப்பொருளையும் கொண்டுவரலாம். பயன்படுத்தியபின் வீட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்லவும் விற்கவும் உரிமை உண்டு. ஆணியறையாமலும் பசை பூசாமலும் பொருத்தினாற் போதும். பிக்காசோ, தமது எருதின் தலையை யாரேனும் மீண்டும் வண்டியாக்கிக்கொண்டு சென்றாலும் மகிழ்வேன் என்ற கருத்திற் பேசியதாகக் கூறுவர். எமது பிள்ளைகளுக்கும் அவ்வுரிமை இருக்கட்டும். உருவத்தின் அருகே நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. மூன்று விடைகள் போதும்: இப்பொருளைச் செய்தவர் யார்? பயன்படுத்தியவர் யார்? கழித்தவர் யார்?

சில ஆசிரியர்கள் உடன்பட்டனர். சிலர் புள்ளியிடுவது கடினமாகும் என்றனர். உண்மைதான், கடினமாகவே இருக்கும். மூன்றாவது வினாவுக்கு விடை எழுதும் மாணவன் சில வேளை எமது வீட்டின் பெயரையும் எழுதக்கூடும்.